முதுகுக்குப் பின்னால் போன கைகள்

ஜாக் நஹ்மியாஸ் என்ற யூத மனிதருக்கு மகேந்திரராசா கொடுக்க வேண்டியிருந்த கடன் நாலாயிரத்து இருநூறு டொலர். வாங்கியது 1992 ஒக்டோபரில். கடுதாசி இல்லை, சாட்சி இல்லை, வட்டிப் பேச்சும் இல்லை. முப்பத்திரண்டு வருடத்தில் அதில் ஒரு சதம்கூடத் திரும்பிப் போகவில்லை.

கொடுக்க வக்கில்லாதவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் மகேந்திரராசாவுக்கு மூன்று கட்டிடங்கள். மூன்றுக்கும் வங்கிக்கடன் கட்டி முடிந்து எட்டு வருடமாகிறது. படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் வரைபடத்தோடு வருகிற என்ஜினியர்மார் இவர் சுவரைத் தட்டிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் பென்சிலை எடுப்பார்கள். எந்தக் குழாய் எந்தக் குளிரில் வெடிக்கும் என்பது அவருக்குக் கை நாடி மாதிரி. இந்த வட்டாரத்தில் கொதிநீர்த் தாங்கியை ஆள் பிடிக்காமல் தானே மாற்றுகிற வீட்டுச் சொந்தக்காரர் இன்னொருவர் இருந்தால் காட்டட்டும். கலியாண மண்டபமோ கோயில் மடமோ, மைக் கைக்கு வந்தால் அவர் சொல்லுவது ஒன்றுதான்: "நான் ஒருத்தனிட்டையும் ஒரு சதம் கைமாத்து வாங்காமல் எழும்பினவன்."

அந்த வசனம் பொய். அவருடைய மனைவி சரளாவுக்கும் அது தெரியும். ஆனால் கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது, தீர்ந்த கடனைச் சபையில் சொல்லாமல் விட்டால் என்ன குறைந்துவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டார். தீர்ந்துவிட்டது என்று அவருக்குச் சொன்னவரும் கணவர்தான். அது இரண்டாவது பொய்.

மகேந்திரராசா மொன்றியலுக்கு வந்தது எண்பத்தேழில். முதல் ஐந்து வருடம் ஒரு தையல் தொழிற்சாலையில் நின்று கோட்டுகளுக்கு அயன் போட்டார். ஆவி முகத்தில் அடித்து அடித்துப் புருவமயிர் பாதியாகிவிட்டது. ஒரு நாளைக்கு மற்றவர்கள் நூற்றிருபது கோட்டு முடித்தால் இவர் நூற்றெண்பது முடிப்பார். அங்கே கணக்கு எழுதுகிறவர்தான் நஹ்மியாஸ். ஐம்பத்தெட்டு வயது, வழித்த முகம், மெல்லிய கழுத்துப்பட்டி. எகிப்தில் அலெக்ஸாந்திரியாவில் பிறந்தவர். ஐம்பத்தாறில் ஒரு பெட்டியும் இருபது பவுணும் மட்டும் கொண்டுபோகலாம் என்று சொல்லி நாட்டைவிட்டு அனுப்பப்பட்டவர். பிரெஞ்சு, அரபி, இத்தாலியன் எல்லாம் வரும். பார்க் எக்ஸ்டென்ஷனில் அப்போது பாதிக் கடைகள் கிரேக்கர்களுடையவை. அவர்களோடு கிரேக்கத்திலேயே பகிடி விடுவார். தெருவில் கறுப்புத் தொப்பியும் நீளக் கோட்டும் போட்டுப் போகிற யூதர்களைப் பார்த்திருந்த மகேந்திரராசா, இவர் அந்த வகை இல்லை, எங்களைப்போல ஒரு சாதாரண மனிதர் என்று தீர்மானித்துக்கொண்டார்.

மத்தியானத்தில் இருவரும் துணிச்சுருள்களுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடுவார்கள். நஹ்மியாஸின் ஆங்கிலத்தில் பிரெஞ்சு கலந்திருக்கும். மகேந்திரராசாவின் ஆங்கிலத்தில் தமிழ். எப்படியோ விளங்கிக்கொண்டார்கள். ஒருநாள் சரளா கட்டிக்கொடுத்த நண்டுக்கறியை மகேந்திரராசா நீட்டினார். நஹ்மியாஸ் வாசத்தை இழுத்து ஒரு பெருமூச்சு விட்டு, தன்னுடைய அவித்த முட்டையைக் காட்டினார்.

"எனக்கு இது விலக்கு, மாஹென். கோபிக்காதே."

"எனக்கென்ன கோபம்? எனக்கு ரெண்டு நண்டுக்கால் கூட."

நஹ்மியாஸ் சிரித்தார். பிறகு முட்டையை உரித்தபடி சொன்னார்: "எங்கள் ஊரில் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தி இதுதான் பிரச்சினை. எங்கள் ஆட்களுக்குப் பெயர் கிரேக்கப் பெயர், பேச்சு கிரேக்கம். வேதத்தையே கிரேக்கத்தில்தான் வாசித்தார்கள், எபிரேயம் மறந்துபோச்சு. ஆனால் பக்கத்து வீட்டுக்காரனோடு இருந்து சாப்பிட மாட்டார்கள், அவனுடைய சாமிக்குப் படைக்க மாட்டார்கள், ஏழாம் நாள் வேலை செய்ய மாட்டார்கள். அவன் என்ன நினைப்பான்? இவர்களுக்கு மனிதரைப் பிடிக்காது, எங்களை அருவருக்கிறார்கள் என்று நினைத்தான். நினைத்து நினைத்து, ஒருநாள் கூட்டமாக வந்து வீட்டையும் கடையையும் உடைத்தான். எல்லாரையும் ஒரே ஒரு தெருப்பக்கத்துக்குள் ஆடுமாடு மாதிரி அடைத்தான்."

கொழும்பில் எண்பத்துமூன்று கலவரத்தில் தான் வேலை செய்த கடை எரிந்த கதையை மகேந்திரராசா அன்றைக்குச் சொன்னார். முதலாளி பின்சுவர் ஏறித் தப்பியது, தான் தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்தது எல்லாம் சொன்னார். ஆனால் ஊரில் நடந்த இன்னொரு கதையைச் சொல்லவில்லை. அதை அவர் மொன்றியலில் யாருக்கும் சொன்னதில்லை.

அது அவருடைய தகப்பனின் கதை. தகப்பன் மரமேறிக் கூலி வாங்குகிற மனிதர். ஊர்க் கடைக்காரர் அவருடைய கையிலிருந்து காசு வாங்கமாட்டார். காசோடு இவர்கள் படியடிக்கு வந்ததும் கடைக்காரர் ஒரு அடி பின்னால் வைத்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். படியில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். தண்ணீர் தெளித்துவிட்டுப் பிறகு எடுப்பார். அந்தக் கைகள் பின்னால் போவதை ஏழு வயதில் மகேந்திரராசா தகப்பனின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பார்த்தவர்.

தொண்ணூற்றிரண்டில் தொழிற்சாலை பூட்டப்போகிறது என்ற கதை அடிபடத் தொடங்கியது. மற்றவர்கள் அடுத்த அயன் மேசையைத் தேடினார்கள். மகேந்திரராசா பார்க் அவெனியூவுக்குப் பக்கத்தில் ஒரு டெப்பனர் கடை விலைக்கு வருவதைப் பார்த்தார். பாலும் பாணும் பியரும் விற்கிற மூலைக்கடை. முற்பணம் பன்னிரண்டாயிரம். கையில் ஏழாயிரத்து எண்ணூறு இருந்தது. வங்கி முடியாது என்றது. தமிழர் வீடுகள் நாலில் கேட்டார். நாலாவது வீட்டுக்காரர் தேத்தண்ணீர் தந்து, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"தம்பி எந்த ஊர் எண்டனீர்?"

சொன்னார்.

"ஓ. ஊரிலை எந்தப் பக்கம்?"

மகேந்திரராசா தேத்தண்ணீரைக் குடித்து முடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். அடுத்த நாள் கோட்டுகளில் இரண்டைக் கருக்கினார். ஐந்து வருடத்தில் அவர் கருக்கியது அந்த இரண்டுதான். நஹ்மியாஸ் என்ன என்று கேட்டார். தொகையை மட்டும் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை கணக்கு மேசைக்குக் கீழே ஒரு பழுப்புக் கடித உறை கைமாறியது.

"எழுதித் தரட்டோ?" என்று மகேந்திரராசா கேட்டார்.

"எழுதி என்ன செய்ய? நீ ஓடினால் கடையையும் தூக்கிக்கொண்டா ஓடுவாய்?"

கடை நவம்பரில் திறந்தது. காலை ஆறிலிருந்து இரவு பதினொன்று வரை அவரும் சரளாவும் மாறி மாறி நின்றார்கள். கிழமைக்கு இரண்டு தரம் சரளாவின் தமையன் தேவதாசன் வந்து நிற்பான்: வெள்ளி பின்னேரம், சனி மத்தியானம் வரை. மகேந்திரராசா வெளியே போகக்கூடியது அப்போதுதான். ஜனவரியில் முதல் இருநூறு டொலர் சேர்ந்தது. வெள்ளி பின்னேரம் புறப்பட்டார். சரளா வாசலில் மறித்தார்.

"விளக்கு வைச்சாச்சு. வெள்ளிக்கிழமை, வீட்டுக் காசு வெளியிலை போகக் கூடாது. நாளைக்குக் காலமை கொண்டுபோய்க் குடுங்கோ."

"அந்த மனிசனுக்கு உன்ரை லட்சுமி தெரியுமே?"

"எனக்குத் தெரியும். அது காணும்."

ஆகவே சனிக்கிழமை காலையில் போனார். வெளிப்படிக்கட்டு முழுக்கப் பனி உறைந்திருந்தது. காசை உறையில் போடவில்லை. புதிய இருபது டொலர்த் தாள்கள் பத்தையும் விசிறி மாதிரிக் கையில் பிடித்திருந்தார். சொன்னதைச் செய்கிறவன் என்று வீட்டில் இருப்பவர்களும் பார்க்கட்டும் என்பது அவருடைய எண்ணம். நஹ்மியாஸ் கதவைத் திறந்தார். வெள்ளைச் சட்டை, தலையில் சின்னத் துணித்தொப்பி. பின்னால் வெள்ளை விரிப்புப் போட்ட மேசை, மனைவி, மகள், நாலைந்து விருந்தாளிகள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மகேந்திரராசா காசை நீட்டினார்.

நஹ்மியாஸின் முகம் மாறியது. ஒரு அடி பின்னால் வைத்தார். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போயின.

"இன்றைக்கு வேண்டாம், மாஹென். நாளைக்கு. உள்ளே வா, இரு."

கடைசியில் சொன்னது மகேந்திரராசாவின் காதில் ஏறவில்லை. அவர் கண்டது அந்தக் கைகளை மட்டும்தான். ஊரைவிட்டு, கடலைத் தாண்டி, ஆவியில் வெந்து, ஒரு கடைக்கு முதலாளியாகி வந்து நின்றாலும் அதே ஒரு அடி, அதே முதுகு. காசை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார். பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. திரும்பவில்லை.

அடுத்த நாள் ஞாயிறு. பத்து மணிக்கு நஹ்மியாஸ் கடைக்கு வந்தார். கல்லாவடியில் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று ஒரு பால் பெட்டியை எடுத்துவைத்து ஐந்து டொலரைக் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்குக் கையை நீட்டினார். மகேந்திரராசா அந்தக் கையைப் பார்த்தார். மிச்சச் சில்லறையைக் கையில் வைக்கவில்லை. கல்லாப் பலகையில் வைத்துத் தள்ளிவிட்டு, "நெக்ஸ்ட்" என்றார்.

நஹ்மியாஸ் சில்லறையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். ஒரு பத்துச் சதம் பலகையில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அதை நகத்தால் கிளப்பி எடுத்தார். பாலையும் எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வரவில்லை. காசையும் கேட்கவில்லை.

"முழுக்கக் குடுத்து முடிச்சிட்டன்," என்று அடுத்த வருடம் ஒருநாள் மகேந்திரராசா சரளாவிடம் சொன்னார்.

"அவர் பிறகு கடைப்பக்கம் வாறதே இல்லை."

"காசு வந்திட்டுது, இனி ஏன் வாறார்?"

அப்படித்தான் முப்பது வருடம் போனது. கடை இரண்டாகி, கட்டிடமாகி, கட்டிடம் மூன்றாகியது. ஒரு மகன், டவுன்டவுனில் பெரிய வேலை, மாதம் ஒரு தரம் பிரெஞ்சில் நலம் விசாரிப்பான். மகேந்திரராசா மேடையேறும்போதெல்லாம் ஒரு சதம் கைமாறாத கதையைச் சொன்னார். சொல்லச் சொல்ல அது உரமேறியது. நஹ்மியாஸின் தெருவால் போக வேண்டி வந்தால் அடுத்த தெருவால் சுற்றிப் போவார். யூதர், சபாத்து என்கிற அவர்களுடைய ஓய்வுநாள், பண்டிகை என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். எட்டாம் வகுப்போடு இவ்வளவையும் கற்றுக்கொண்ட மனிதர், ஒரே ஒரு விஷயத்தைக் கற்றுக்கொள்ளமாட்டேன் என்று கதவைப் பூட்டிவைத்திருந்தார்.

போன நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, அவருடைய இரண்டாவது கட்டிடத்தில் மூன்றாம் மாடிக் குசினித் தொட்டி ஒழுகியது. அங்கே புதிதாக வாடகைக்கு வந்திருந்தவள் மாளவிகா, கோயம்புத்தூர்ப் பிள்ளை, டவுன்டவுன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். மகேந்திரராசா தொட்டிக்குக் கீழே தலையை விட்டபடி, மேசையில் கிடந்த புத்தகக் குவியலைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன படிப்புப் பிள்ளை இது?"

"பழங்காலத்து யூதர்கள் பத்தி, அங்கிள். கிரேக்கர், ரோமர் நடுவுல எப்படி வாழ்ந்தாங்கன்னு."

"அலெக்ஸாந்திரியாவிலை கடை உடைச்சதோ?"

அவள் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். "உங்களுக்கு எப்படி அது தெரியும்?"

"நான் இதெல்லாம் தொண்ணூறிலேயே படிச்சு முடிச்சிட்டன். சோத்துப் பாசலோடை." தொட்டிக்கு அடியிலிருந்து அவர் குரல் பெருமையாக வந்தது. "சனங்கள் அவையைப் பற்றிப் பிழையா விளங்கிக்கொண்டது. அதுதானே கதை?"

"அதேதான் அங்கிள். ஆனா நான் எழுதறது அதுக்கு நேர் எதிரானது. புரிஞ்சு நடந்துக்கிட்ட இடங்களும் இருக்கு. ரோமாபுரியில மாசம் ஒரு தடவை ஜனங்களுக்குத் தானியமோ காசோ கொடுப்பாங்க. சில மாசம் அது சனிக்கிழமையில விழும். அப்போ யூதர்களோட பங்கை அடுத்த நாள் வரைக்கும் எடுத்து வையுங்கன்னு சக்கரவர்த்தி உத்தரவு போட்டிருந்தாராம்."

"ஏன், சனிக்கிழமை வரமாட்டினமோ?"

"காசைத் தொட மாட்டாங்க. சனிக்கிழமை வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது."

கீழே குறடு நின்றது.

"ஆர் குடுத்தாலுமோ?"

"யார் கொடுத்தாலும். சக்கரவர்த்தியே கொடுத்தாலும்."

"தொப்பி போடாத ஆக்களும் இருக்கினம். எங்களைப்போல. அவை?"

"அவங்கள்லயும் நிறையப் பேர் அதை விடறதில்ல அங்கிள். எல்லாத்தையும் விட்டவங்ககூடச் சில பேர் அதை மட்டும் பிடிச்சு வச்சிருப்பாங்க. ஏன் கேக்கறீங்க?"

மகேந்திரராசா குறடை இன்னொரு சுற்றுச் சுற்றினார். குழாயைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் மரை வெடித்தது. மூன்று கட்டிடத்திலும் முப்பது வருடத்தில் அவர் ஒரு மரையை இறுக்கி உடைத்ததில்லை. தண்ணீர் நெஞ்சில் கொட்டியது. அவர் எழும்பாமல் கிடந்தார். மாளவிகா பயந்துபோய்த் தண்ணீரைப் பூட்டிவிட்டு, "அடிபட்டுச்சா அங்கிள்?" என்று மூன்று தரம் கேட்டாள்.

ஏழாம் நாள் வேலை செய்ய மாட்டார்கள் என்று நஹ்மியாஸ் சொல்லித்தான் இருந்தார். ஆனால் கையை நீட்டிக் காசு வாங்குவது வேலையா? அயன் போடுகிறவனுக்கு அது வேலையாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது நாலரை மணி, இருட்டிவிட்டது. சரளா விளக்கை ஏற்றிவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தார். மகேந்திரராசா ஈரச் சட்டையோடு அலுமாரியைத் திறந்து, உள்ளே இருந்த காசுப் பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

"என்னப்பா இது, வெள்ளிக்கிழமை விளக்கு வைச்ச நேரத்திலை பெட்டியைத் துறக்கிறியள்?"

"நஹ்மியாஸின்ரை காசு."

"எந்தக் காசு?"

"நாலாயிரத்து இருநூறு. நான் குடுக்கேல்லை."

சரளா அரிசிச் சட்டியை வைத்தார். மகேந்திரராசா முழுவதையும் சொன்னார், சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை, சில்லறை, மாளவிகா சொன்னது எல்லாம். சரளா இடையில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடைசியில்தான் கேட்டார்.

"கலியாண வீட்டிலையும் கோயிலிலையும் மைக்கைப் பிடிச்சு முழங்கேக்கை, அந்த மனிசன்ரை முகம் ஒருக்காலும் வரேல்லையே?"

"வந்தது. அதுதான் இன்னும் கொஞ்சம் பலத்துச் சொன்னனான்."

"வடிவாச் செய்திருக்கிறியள்." அவர் முந்தானையால் கையைத் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். "சனிக்கிழமை போங்கோ எண்டு அனுப்பினது நான்."

"உனக்குத் தெரியுமே?"

"உங்களுக்கும் தெரியாது. ஆனால் நான் ஆரின்ரை காசையும் விழுங்கேல்லை." பெட்டியை மூடினார். "இண்டைக்கு எங்கடை வீட்டிலையிருந்து போகாது. நாளைக்கு அவர் தொடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை போங்கோ. தனியப் போங்கோ. நான் வந்தால் என்னைக் கதைக்க விட்டிட்டுக் குழாயைப் பாத்துக்கொண்டு நிப்பியள்."

சனிக்கிழமை முழுவதும் காசு வீட்டிலே இருந்தது. மகேந்திரராசா அன்றைக்கு முப்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு நஹ்மியாஸின் தெருவுக்குப் போனார். அந்தப் படிக்கட்டு வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். மூலையில் மிச்சமிருந்த ஒரே கிரேக்கக் கோப்பிக்கடையில் விசாரித்தார். "ஜாக்கா? ஆறு வருடமாகிறது, மகளோடு லாசாலுக்குப் போய்விட்டான்," என்று கிழவர் ஒரு பில்லின் பின்பக்கத்தில் விலாசம் எழுதிக் கொடுத்தார். இப்போது எப்படி இருக்கிறார் என்று அவருக்குத் தெரியவில்லை. அன்றிரவு மகேந்திரராசா பதினையாயிரம் டொலரை எண்ணி உறையில் போட்டார். முதலும், முப்பத்திரண்டு வருட வட்டியும், மேலே கொஞ்சமும். மகேந்திரராசா கடன் தீர்த்தால் இப்படித்தான் தீர்ப்பார் என்று நஹ்மியாஸ் கண்ணால் காணவேண்டும்.

மொன்றியலின் தென்மேற்கு மூலையில், லாசாலில், அது ஒரு எட்டுமாடிக் கட்டிடம். நாலாம் மாடியில் கதவைத் திறந்த பெண்ணுக்கு அறுபது வயது இருக்கும். நஹ்மியாஸின் மூக்கு.

"நான் மகேந்திரராசா. பார்க் எக்ஸ்டென்ஷனிலை கடை வைச்சிருந்தனான்."

அந்தப் பெண் கதவைப் பிடித்தபடி நின்றார். "மாஹென்," என்றார் கடைசியில், பிரெஞ்சில். "நான் ஒடெட். அன்றைக்கு மேசையில் இருந்தேன். அப்பா மார்ச் மாதம் போய்விட்டார்."

மகேந்திரராசா சப்பாத்தைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். ஒன்று கழன்றுவிட்டது. மற்றதின் நாடாவைப் பிடித்தபடி குனிந்தே நின்றார். மார்ச். எட்டு மாதம். அந்தக் குசினித் தொட்டி எட்டு மாதம் முந்தி ஒழுகியிருக்கலாம்.

உள்ளே இருத்தி, கண்ணாடிக் குவளையில் தேத்தண்ணீர் வைத்தார் ஒடெட். பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலமாகப் பேசினார்கள். மகேந்திரராசா வந்த காரியத்தைச் சொன்னார். சனிக்கிழமைக் காசைப்பற்றி முந்தாநாள்தான் அறிந்ததையும் சொன்னார்.

"அன்றைக்கு நீங்கள் போன பிறகு அப்பா சாப்பிடவில்லை," என்றார் ஒடெட். "நாளைக்குக் காலையிலேயே போய் விளங்கப்படுத்துகிறேன் என்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமை போனார். திரும்பி வந்து சில்லறையை மேசையில் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். 'அவனுக்கு நான் எல்லாம் சொல்லியிருந்தேனே, ஒடெட்' என்றார். அவ்வளவுதான். பிறகு உங்களைப்பற்றிப் பேசியதே இல்லை."

"வந்து கேட்டிருக்கலாமே, காசை."

"தொழிற்சாலை பூட்டிய பிறகு பத்து மாதம் அவருக்கு வேலை இல்லை. அம்மா கேட்கச் சொல்லி அழுதார். போகவில்லை. ஒரு வாகனத் தரிப்பிடத்தில் கூண்டுக்குள் இருந்து சீட்டுக் கொடுத்தார், குளிர்காலம் முழுக்க."

மகேந்திரராசா குவளையைக் கையில் எடுத்தார், குடிக்காமல் வைத்தார். பிறகு மெல்லத் தொடங்கினார். ஊர்க் கடையை, படியை, தகப்பனின் கையிலிருந்த காசை, பின்னால் போன இரண்டு கைகளை, தெளித்த தண்ணீரைச் சொன்னார். பாதி வார்த்தைகளுக்குப் பிரெஞ்சும் தெரியவில்லை, ஆங்கிலமும் தெரியவில்லை. எழுந்து நின்று ஒரு அடி பின்னால் வைத்து, தன்னுடைய இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக் காட்டினார். அப்படியே நின்றார். எழுபது வயது நெருங்குகிற மனிதர், ஒரு காலில் சப்பாத்து, மற்றக் காலில் மேசு மட்டும்.

ஒடெட் வாயில் கை வைத்தார். "இதை அப்பாவுக்குச் சொல்லியிருந்தீர்களா?"

"இல்லை. அவர்தான் எல்லாம் சொன்னவர். நான் ஒண்டும் சொல்லேல்லை."

"அவர் விளங்கிக்கொண்டிருப்பார்."

"ஓம். அதுதான்."

வெளியே யாரோ பனியை வழிக்கிற சத்தம் கேட்டது. மகேந்திரராசா திரும்பி இருந்து, உறையை எடுத்து மேசையில் வைத்தார். ஒடெட் விரலால் அதன் தடிப்பைப் பார்த்தார்.

"எவ்வளவு இது?"

"பதினையாயிரம். வட்டியோடை."

"கடன் நாலாயிரத்து இருநூறு."

"முப்பத்திரண்டு வருசம், மடாம். நான் ஒருத்தருக்கும் குறைச்சுக் குடுக்கிற ஆள் இல்லை."

ஒடெட் தலையசைத்தார். "எங்கள் சட்டத்தில், வெளியாளிடம் வட்டி வாங்கலாம். சகோதரனிடம் வாங்கக் கூடாது. அப்பா உங்களோடு வட்டி பேசினாரா?"

மகேந்திரராசா உறையின் ஓரத்தை விரலால் நீவினார்.

"பேசவில்லை. நான் இப்போது அதை வாங்கினால் அவர் கொடுத்ததை மாற்றி எழுதுகிற மாதிரி ஆகும். அவர் தந்ததை மட்டும் தாருங்கள். மிச்சத்தை நீங்கள் கொண்டுபோங்கள்."

அதை வேறு யாராவது சொல்லியிருந்தால் மகேந்திரராசா வாதாடியிருப்பார், வென்றும் இருப்பார். பெருந்தொகையாகக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து போகலாம் என்று வந்தவர். உறையைப் பிரித்து, நூறு டொலர்த் தாள்களில் நாற்பத்திரண்டைத் தனியாக எடுத்தார். மிச்சத்தை உள்ளே தள்ளினார். அது முந்தியைவிடப் பாரமாக இருந்தது. எடுத்த தாள்களை மேசையில் வைக்கப் போனார்.

"மேசையில் வேண்டாம்," என்றார் ஒடெட். கையை நீட்டினார்.

இப்போதைய தாள்கள் பிளாஸ்டிக்; ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மகேந்திரராசா பெருவிரலால் பிரித்து, ஒவ்வொன்றாக வைத்தார். வாய்க்குள் தமிழில் எண்ணினார். நூறு. இருநூறு. முந்நூறு. ஆயிரத்தைத் தாண்டியபோது ஒடெட் மற்றக் கையையும் கீழே கொடுத்துத் தாங்கிக்கொண்டார். இரண்டாயிரத்தில் மகேந்திரராசாவுக்கு எண்ணிக்கை தவறியது. திருப்பி வாங்கி முதலிலிருந்து எண்ணினார். ஒடெட் அவசரப்படுத்தவில்லை. மூவாயிரம். நாலாயிரம். நாலாயிரத்து நூறு. கடைசித் தாளை அவர் கொஞ்ச நேரம் விரலுக்கு நடுவில் பிடித்திருந்தார். பிறகு விரித்திருந்த கையில் அதையும் வைத்தார்.